புதிய கார்டு வந்தும் வேகம் வரவில்லையே!

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது நம் பாட்டிமார் அடிக்கடி சொல்லும் பழமொழி. கணினி உலகில் இதற்கு நேர்மாறான நிலை ஒன்று உண்டு. அங்கே ஆட வந்தவள் நன்றாகவே ஆடுவாள். கூடந்தான் உண்மையிலேயே கோணலாக இருக்கும்! பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய புதிய கிராபிக்ஸ் கார்டைப் பொருத்திய பிறகும் விளையாட்டு விட்டு விட்டு ஓடினால், பழி முழுவதும் அந்தக் கார்டின் மேலேயே விழுகிறது. அந்தப் பழி நியாயமானதா, உண்மையான குற்றவாளி யார் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணினி விளையாட்டு என்றதும் பெரியோர் சிலர் முகம் சுளிக்கலாம். விளையாடலாமா, எவ்வளவு நேரம் விளையாடலாம் என்பது வேறொரு பட்டிமன்றத்திற்குரிய தலைப்பு. இங்கே நம் கவலை வீட்டுப் பணத்தைப் பற்றியது. நடுத்தர ரகக் கார்டு ஒன்றுக்கே இன்று இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. அது பலன் தராதபோது, காரணம் அறியாமல் ‘இதையும் மாற்று, அதையும் மாற்று’ என்று பிறர் சொல்வதைக் கேட்டு மேலும் மேலும் செலவழிக்கும் வீடுகள் உண்டு. பொருளைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்காரர் தரும் அவகாசமோ சில நாட்கள்தாம். ஆகவே, காரணத்தை விரைவாகவும் சரியாகவும் கண்டுபிடிக்கத் தெரிந்திருப்பது பயனுள்ள கல்வியே ஆகும்.

அக்கா வைக்கும் புள்ளி, தங்கை போடும் கோலம்

திரையில் நாம் காணும் அசைவு உண்மையில் அசைவே அன்று. அடுத்தடுத்து வரும் அசையாப் படங்களை நம் கண் ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறது. இப்படங்களைப் பிரேம் என்பர். ஒரு நொடிக்கு 60 பிரேம் வந்தால் அசைவு வழுக்கிக்கொண்டு போவது போலத் தெரியும். 20 ஆகக் குறைந்தால் மாட்டு வண்டியில் போவது போலக் குலுங்கும்.

இந்தப் படங்களை உண்டாக்குவதில் இருவர் பங்கு கொள்கின்றனர். கணினியின் மூளையாகிய பிராசசர் ஒருவர். கிராபிக்ஸ் கார்டு மற்றொருவர். மார்கழி மாதத்தில் வாசலில் கோலம் போடும் அக்காவையும் தங்கையையும் நினைத்துக்கொள்ளுங்கள். அக்கா கணக்குப் பார்த்துப் புள்ளி வைக்கிறாள். தங்கை அப்புள்ளிகளைச் சுற்றி இழை இழுத்து வண்ணமும் தூவுகிறாள். விளையாட்டில் யார் எங்கே நிற்கிறார், பந்து எந்தப் பக்கம் போகிறது, எதை எங்கே வரைய வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்வது பிராசசர். அது அக்காவின் வேலை. அக்கணக்கின்படி இலட்சக்கணக்கான புள்ளிகளுக்கு நிறம் தீட்டுவது கார்டு. அது தங்கையின் வேலை.

அக்கா ஒரு கோலத்திற்குப் புள்ளி வைத்து முடித்ததும் அடுத்த கோலத்திற்குப் போய்விடுவாள். தங்கை பின்னாலேயே வருவாள். இருவரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு கோலங்களில் வேலை செய்வதால், யார் மெதுவோ அவருடைய நேரமே மொத்த வேகத்தைத் தீர்மானிக்கிறது. இதை ஒரு சிறு கணக்காகப் பார்ப்போம். ஒரு படத்திற்கான ஏற்பாட்டைச் செய்யப் பிராசசருக்கு 20 மில்லி நொடி ஆகிறது என்றும், பழைய கார்டு அதை வரைய 25 மில்லி நொடி எடுக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு நொடி என்பது 1000 மில்லி நொடி. 1000ஐ 25ஆல் வகுத்தால் 40. ஆகவே நொடிக்கு 40 படங்கள் வரும். இப்போது 10 மில்லி நொடியிலேயே வரைந்து முடிக்கும் புதிய கார்டு வருகிறது. நாம் 100 படங்களை எதிர்பார்க்கிறோம். கிடைப்பதோ 50தான்! ஏனெனில் அக்கா இன்னும் 20 மில்லி நொடிக்கு ஒரு முறைதான் புள்ளி வைத்து முடிக்கிறாள். தங்கை பாதி நேரம் கோலப்பொடிக் கிண்ணத்துடன் சும்மா நிற்கிறாள்.

அமெரிக்கக் கணினிப் பொறியாளர் ஜீன் அம்டால் 1967ஆம் ஆண்டில் இதே போன்ற ஓர் உண்மையை விளக்கினார். ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் எவ்வளவுதான் விரைவுபடுத்தினாலும், மாறாமல் நிற்கும் மற்றப் பகுதி மொத்த வேகத்திற்கு எல்லை கட்டிவிடும் என்பது அதன் சாரம். இன்றும் அது அம்டால் விதி என்றே வழங்கப்படுகிறது. புதிய கார்டு வாங்கும் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்த வேண்டிய விதி இது.

முதலில் அளவு, பிறகு முடிவு

மருத்துவர் காய்ச்சலை அளந்து பார்த்த பிறகே மருந்து எழுதுவார். இங்கேயும் அதுவே முறை. ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே விளையாட்டில், ஒரே இடத்தில், ஒரே அமைப்பில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, நொடிக்கு எத்தனை பிரேம் வருகிறது என்று குறியுங்கள். பல விளையாட்டுகளிலேயே இந்த எண்ணைத் திரையில் காட்டும் வசதி உண்டு. பழைய கார்டைக் கழற்றுவதற்கு முன்பே இப்படி அளந்து வைத்தல் மிக நன்று. அப்போதுதான் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படை இருக்கும்.

சராசரி எண் மட்டும் போதாது. சராசரி 60 என்று காட்டினாலும், இடையிடையே ஒரே ஒரு படம் பத்தில் ஒரு பங்கு நொடி தாமதித்தால் நம் கண் அதை உடனே கண்டுகொள்ளும். ஆகவே ‘எண் குறைவு’ என்பது ஒரு நோய், ‘எண் சரி, ஆனால் திடீர் திடீரென நிற்கிறது’ என்பது வேறொரு நோய். நமக்கு வந்திருப்பது எது என்று முதலில் பிரித்து எழுதிக்கொள்ள வேண்டும்.

காசு செலவில்லாத சோதனைகள்

முதற்சோதனை, மானிட்டர் கேபிள் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்பது. கணினியின் பின்புறத்தில் மதர்போர்டுக்கு ஒரு துளையும் புதிய கார்டுக்கு வேறொரு துளையும் இருக்கும். பழக்கத்தால் கேபிளை மதர்போர்டிலேயே செருகிவிட்டால், பிராசசருக்குள் இருக்கும் சிறிய கிராபிக்ஸ் பகுதியே படம் காட்டும். விலை உயர்ந்த கார்டு உள்ளே உறங்கிக்கொண்டிருக்கும். ஆனையை வாங்கிக் கொட்டடியில் கட்டிவிட்டு, ஆட்டின் மேல் சவாரி செய்வது போன்றது இது.

இரண்டாவது, மானிட்டரின் அமைப்பு. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 முறைதான் புதிய படம் காட்டும். கார்டு 150 படம் வரைந்தாலும் நமக்குக் கிடைப்பது அவ்வளவே. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்போர், விண்டோஸ் அமைப்பில் அது இன்னும் 60 என்றே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விளையாட்டுக்குள் ‘வி-சிங்க்’ அல்லது பிரேம் வரம்பு என்ற அமைப்பு பழைய கார்டுக்காக வைத்தபடியே இருந்தாலும் எண் ஏறாது.

மூன்றாவது, டிரைவர். கார்டுடன் விண்டோஸ் பேசுவதற்கு உதவும் மொழிபெயர்ப்பாளர் இது. என்விடியா கார்டை எடுத்துவிட்டு ஏ.எம்.டி. கார்டு போட்டவர்கள், பழைய மொழிபெயர்ப்பாளரை வழியனுப்பாமலே புதியவரை வரவேற்றால் குழப்பம் வரலாம். பழைய டிரைவரை முற்றிலும் நீக்கிவிட்டு, கார்டு தயாரித்த நிறுவனத்தின் புதிய டிரைவரைப் பதிப்பதே முறை.

நான்காவது, பொறுமை! புதிய கார்டோ புதிய டிரைவரோ வந்ததும், ஷேடர் எனப்படும் சிறு நிரல்களை விளையாட்டு மறுபடியும் ஆயத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. முதன்முறை ஓடும்போது அதனால் சில விளையாட்டுகள் தடுக்கித் தடுக்கி ஓடும். அதே இடங்களை இரண்டாம் முறை கடக்கும்போது அத்தடுக்கல் குறைந்துவிடும். ஆகவே முதல் ஒரு மணி நேரத்தை வைத்துக் கார்டின் மேல் தீர்ப்பு எழுதக் கூடாது.

காக்க வைப்பவர் யார்?

மேற்கண்டவை எல்லாம் சரியாக இருந்தும் வேகம் வரவில்லையா? இப்போதுதான் அக்காவா தங்கையா என்று கேட்க வேண்டும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, விளையாட்டு ஓடும்போது கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று பாருங்கள். 95 முதல் 100 வரை இருந்தால் கார்டு தன் முழு ஆற்றலையும் தருகிறது. அதற்கு மேல் வேண்டுமானால் படத்தின் தரத்தைச் சற்றுக் குறைப்பதே வழி. 50, 60 என்று நின்றால், வேறு யாரோ அதைக் காக்க வைக்கிறார் அல்லது ஏதோ ஒரு வரம்பு கட்டிப் போட்டிருக்கிறது என்று பொருள்.

உடனே பிராசசரைப் பார்த்தால் அங்கே 30 சதவீதம் என்றுதான் காட்டும். ‘அதுவும் சும்மாத்தானே இருக்கிறது!’ என்று பலர் ஏமாறுவது இங்கேதான். இன்றைய பிராசசருக்குள் ஆறு, எட்டு என்று பல கோர்கள் உள்ளன. விளையாட்டின் முக்கியக் கணக்கு பெரும்பாலும் ஓரிரு கோர்களின் தலையிலேயே விழுகிறது. அவை திணறிக்கொண்டிருக்க, மற்றவை ஓய்வெடுத்தால், சராசரி குறைவாகத்தானே தெரியும்? வகுப்பில் பத்துப் பேர் இருந்தும் ஒருத்தி மட்டுமே பெருக்கினால் வேலை எப்போது முடியும்? ஆகவே ஒவ்வொரு கோரின் அளவையும் தனித்தனியே காட்டும்படி வைத்துப் பார்க்க வேண்டும்.

ஐயம் தீர இன்னோர் எளிய சோதனை உண்டு. திரையின் தெளிவளவை 1920க்கு 1080 என்பதிலிருந்து 1280க்கு 720 என்று குறையுங்கள். முன்னதில் 20 இலட்சத்திற்கு மேற்பட்ட புள்ளிகள். பின்னதில் 9 இலட்சத்துச் சொச்சம். கார்டின் வேலை பாதிக்கும் கீழே குறைந்துவிடும். பிராசசரின் வேலை ஏறக்குறைய அப்படியே இருக்கும். இப்போது எண் நன்றாக ஏறினால் கார்டுதான் எல்லை. எண் அசையவே இல்லை என்றால் கார்டின் மேல் குற்றமில்லை. பிராசசரும் அதற்கு உதவும் ரேமும்தான் பின்தங்குகின்றன.

இதில் மகிழ்ச்சியான செய்தி ஒன்றும் உண்டு. தங்கை பாதி நேரம் சும்மா நிற்கிறாள் என்றால், கோலத்திற்கு இன்னும் நான்கு வண்ணம் சேர்க்கச் சொல்லலாமே! படத்தின் தெளிவையும் தரத்தையும் உயர்த்தினாலும் ஓரளவு வரை வேகம் குறையாது. அதே சமயம், கூட்டத்தின் அளவு, தொலைவுக் காட்சி போன்று பிராசசரை வருத்தும் அமைப்புகளைக் குறைத்தால் வேகம் ஏறும்.

வழியில் இருக்கும் குறுகிய வாசல்கள்

பிராசசருக்கும் கார்டுக்கும் இடையே செய்தி போகும் பாதைகளும் கவனிக்கத்தக்கவை. முதலாவது ரேம். ஒரே ரேம் பலகை இருந்தால் ஒரு வழிப் பாதை. இணையாக இரண்டு இருந்தால் இரு வழிப் பாதை. டி.டி.ஆர்.4 3200 வகையில் ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு 25.6 ஜிகாபைட் போகலாம். இரண்டு இருந்தால் 51.2. மேலும், 3200 என்று அட்டையில் எழுதியிருந்தாலும், பயாஸ் அமைப்பில் ‘எக்ஸ்.எம்.பி.’ என்பதை இயக்காதவரை பல ரேம்கள் 2133, 2400 போன்ற குறைந்த வேகத்திலேயே ஓடும். இதைச் சரிசெய்ய ஒரு காசும் வேண்டாம்.

இரண்டாவது, கார்டைச் செருகும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்னும் துளை. மதர்போர்டில் நீளமான துளைகள் இரண்டு மூன்று இருக்கும். பார்வைக்கு எல்லாம் ஒன்று போலத் தோன்றினாலும், மேலே பிராசசருக்கு அருகில் உள்ளதில்தான் பொதுவாகப் பதினாறு தடங்கள் இருக்கும். கீழே உள்ளதில் பல வேளைகளில் நான்கு தடங்களே இருக்கும். கீழே செருகியவர்கள் மேலே மாற்றினாலே பலன் தெரியலாம்.

2022 ஜனவரியில் வெளிவந்த ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரேடியான் ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. கார்டு இதற்கு நல்ல சான்று. அக்கார்டில் இருப்பதே நான்கு தடங்கள்தாம். நான்காம் தலைமுறைத் துளை கொண்ட புதிய மதர்போர்டில் அவை நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிகாபைட் சுமக்கும். மூன்றாம் தலைமுறைத் துளை கொண்ட பழைய மதர்போர்டிலோ அதில் பாதிதான். கார்டில் இருக்கும் சொந்த நினைவகம் 4 ஜிகாபைட் மட்டுமே. ஆதலால் அது நிரம்பியதும் அந்தக் குறுகிய பாதை வழியே கணினியின் ரேமுக்கு ஓடி ஓடி வர வேண்டியிருந்தது. விலை குறைவு என்று பழைய கணினி வைத்திருப்போர் விரும்பக்கூடிய கார்டு, பழைய கணினியிலேயே அதிகம் தடுமாறியது!

இன்டெல் நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ஆர்க் பி580 மற்றொரு சான்று. 12 ஜிகாபைட் நினைவகத்துடன், அமெரிக்காவில் 249 டாலர் விலையில் வந்த அதை எல்லாரும் பாராட்டினர். ஆனால் 2025 ஜனவரியில் அதைப் பழைய, நடுத்தரப் பிராசசர்களுடன் சேர்த்துச் சோதித்தவர்கள், சில விளையாட்டுகளில் வேகம் பெரிதும் குறைவதைக் கண்டனர். அதன் டிரைவர் பிராசசருக்குக் கூடுதல் வேலை வைத்ததே காரணம். ‘ரீசைசபிள் பார்’ என்ற அமைப்பைப் பயாஸில் இயக்க வேண்டும் என்றும் இன்டெல் தன் ஆர்க் கார்டுகளுக்குச் சொல்லியிருக்கிறது. முதலில் வந்த மதிப்புரைகள் பெரும்பாலும் மிக விரைவான பிராசசர்களுடன் செய்யப்பட்டவை. அவை பொய்யல்ல, ஆனால் அவை நம் வீட்டுக் கணினியைப் பற்றிப் பேசவில்லை. வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டிய பாடம் இது.

மின்சாரமும் வெப்பமும்

மதர்போர்டின் துளை வழியே கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட் மின்சாரம். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுகளுக்குத் தனி இணைப்பு வேண்டும். ஆறு முனை இணைப்பு 75 வாட்டும், எட்டு முனை இணைப்பு 150 வாட்டும் தரும். எஸ்.எம்.பி.எஸ். போதிய ஆற்றல் இல்லாததாக இருந்தால், விளையாட்டின் நடுவே கணினி திடீரென அணைந்து மறுபடி எழும்பும். அப்படி நடந்தால் விளையாட்டை நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதற்குள் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும். மற்றப் பாகங்களைத் தொடுவதாக இருந்தாலும், பிளக்கைப் பிடுங்கிய பிறகு, பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போதே தொட வேண்டும்.

விளையாட்டு தொடங்கிய முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு மந்தமானால் ஐயம் வெப்பத்தின் மேல் விழ வேண்டும். கார்டும் பிராசசரும் குறிப்பிட்ட வெப்பத்தை எட்டியதும் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. நம் ஊர்ச் சித்திரை வெயிலில், சுவரோடு ஒட்டி வைத்த, தூசி அடைத்த கேபினெட்டில் இது எளிதில் நேரும். கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். எண் ஏறினால், உள்ளே காற்றோட்டம் இல்லை என்பது உள்ளங்கை நெல்லிக்கனி.

ஓர் அண்ணனின் நோட்டுப் புத்தகம்

என் பெரியப்பா மகன் கல்லூரியில் படிக்கிறார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுத்துப் பத்து மாதம் பணம் சேர்த்து ஒரு கார்டு வாங்கினார். விளையாட்டு முன்னைவிடச் சற்றே மேல். ஆனால் விட்டு விட்டு நின்றது. “இதற்கா இவ்வளவு காசு?” என்றார் பெரியப்பா. விற்றவரிடம் கேட்டதற்கு, “பிராசசர், மதர்போர்டு இரண்டையும் மாத்தினாத்தான் சரியாகும், தம்பி” என்று பதில் வந்தது. அதற்கு இன்னும் பத்து மாதம் டியூஷன் எடுக்க வேண்டும்!

அண்ணன் உடனே இசையவில்லை. இரண்டு மாலைகள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார். எண்களைப் படித்துச் சொல்வது என் வேலை. தெளிவளவைக் குறைத்தபோது எண் அசையவில்லை. ஆகவே கார்டு நல்ல கார்டுதான் என்பது உறுதியாயிற்று. கேபினெட்டுக்குள் பார்த்தால் ரேம் பலகை ஒன்றே ஒன்று இருந்தது. அதுவும் குறைந்த வேகத்தில் ஓடியது. நண்பர் ஒருவரிடம் அதே வகைப் பலகை ஒன்றை இரவல் வாங்கி, பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதுமான துளைகளில் இரண்டையும் பொருத்தினார். அளந்து எழுதினார். பிறகு எக்ஸ்.எம்.பி.யை இயக்கினார். மறுபடி அளந்து எழுதினார். எண் ஏறியதைவிட, அந்த விட்டு விட்டு நிற்கும் தொல்லை ஒழிந்ததே பெரிய ஆறுதலாக இருந்தது. இரவல் பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தமக்கென ஒன்று வாங்கிக்கொண்டார். பிராசசர் பழையதுதான், அதன் எல்லை இன்றும் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அதற்கேற்பப் படத்தின் தரத்தை உயர்த்திவைத்து மனநிறைவோடு விளையாடுகிறார். பெரியப்பாவும் இப்போது நோட்டைத்தான் எல்லாருக்கும் காட்டுகிறார், கார்டை அல்ல!

முடிவுரை

தோழியரே, ‘பதறாத காரியம் சிதறாது’ அல்லவா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அளக்க வேண்டும். அளந்ததை எழுத வேண்டும். மூன்றை ஒரே நாளில் மாற்றினால், வேகம் வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. வராவிட்டாலும் எதனால் வரவில்லை என்று தெரியாது. இது நம் வேதியியல் ஆய்வுக் கூடத்தில் ஆசிரியை நாள்தோறும் சொல்லும் பாடமே.

பெற்றோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் பிள்ளை ‘இன்னொரு பாகம் வாங்க வேண்டும்’ என்று வந்து நின்றால், கோபிக்கவும் வேண்டாம். உடனே பணத்தை எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். “அளந்து பார்த்தாயா? எழுதி வைத்தாயா? காட்டு” என்று கேளுங்கள். நோட்டில் எண்கள் இருந்தால் அந்தச் செலவுக்குக் காரணம் இருக்கும். நோட்டு வெறுமையாக இருந்தால், செலவைச் சில நாள் தள்ளிவைத்து, பிள்ளையோடு நீங்களும் உட்கார்ந்து அளந்து பாருங்கள். கோணல் கூடத்தில் இருக்கிறதா, ஆட்டத்தில் இருக்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.